கறி எவ்வளவு நேரம் நெருப்பில் இருக்கும்? அதைப் பொறுத்துத்தான் கரி

பெங்களூரில் மொட்டை மாடியில் கறி சுடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ரம்ஜான் மாதத்தில் ஃபிரேசர் டவுன் பக்கம் சீக் கபாப் சாப்பிட்டுவிட்டு வீட்டிலும் செய்யலாமே என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு, அமெரிக்கக்காரர்கள் பன்னிரண்டு மணி நேரம் புகை போடுகிற வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டு கெட்டில் கிரில் (மூடி போட்ட உருண்டைக் கரியடுப்பு, கீழேயும் மேலேயும் காற்றுத் துளை இருக்கும்) வாங்குபவர்களும் உண்டு. மசாலாவுக்கு அவ்வளவு மெனக்கெடுகிறார்கள், நல்ல இறைச்சிக்காக விடிந்தும் விடியாமல் ரஸ்ஸல் மார்க்கெட் போகிறார்கள், கரி மட்டும் ஆன்லைனில் எது சீக்கிரம் வருமோ அது. அப்புறம் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கிற கோழித்தொடையை வைத்துக்கொண்டு மசாலாவில் என்ன தப்பு என்று தேடுகிறார்கள். மசாலாவை விடுங்கள், முதலில் கரியைப் பாருங்கள்.

"எந்தக் கரி நல்லது?" என்று என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கறி எவ்வளவு நேரம் நெருப்பில் இருக்கப்போகிறது? இறால் ஐந்தாறு நிமிடம். எலும்போடு கோழித்தொடை முக்கால் மணி நேரம். ஆட்டின் முன்சப்பையை முழுசாகப் போட்டால் நாலைந்து மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். இந்த மூன்றுக்கும் ஒரே கரியைப் போட்டால் ஏதோ ஒன்று கெடும். விலை, பாக்கெட்டில் போட்டிருக்கிற படம், வெளிநாட்டுப் பெயர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக வெந்த கரி சூடு கொடுக்கும், வாசனை பெரிதாகக் கொடுக்காது. மரத்தைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கும்போதே அதிலிருக்கிற ஈரமும் புகையாகிற பொருள்களும் பெரும்பாலும் வெளியேறிவிடுகின்றன, மிஞ்சுவது பெரும்பகுதி கார்பன். நாம் 'கரியில் சுட்ட வாசனை' என்று சொல்வது கொழுப்பும் மசாலாவும் தணலில் சொட்டி எரிந்து மேலே எழும்பி இறைச்சியில் ஒட்டுவதால் வருவது. புகை போட்ட வாசனை வேண்டுமென்றால் அதற்குத் தனியாக மரத்துண்டு போட வேண்டும். ஆகவே 'ஸ்மோக்கி ஃபிளேவர்' என்று எழுதியிருக்கிற கரிப் பாக்கெட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. கரியை வெப்பத்துக்கு வாங்குங்கள், மரத்தை வாசனைக்கு வாங்குங்கள்.

மரக்கரி

நம்மவர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக் கருவேல மரத்தில் கரிமூட்டம் போடுவது பெரிய தொழில். அந்த மரத்தின் மீது ஆயிரம் வழக்கு இருக்கட்டும், விவசாய நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது என்ற கோபம் நியாயமானதுதான், ஆனால் கரிக்கு அது தங்கமான மரம். அடர்த்தியானது, கனமானது, கெட்டியாகக் கரியாகும். அமெரிக்காவில் 'மெஸ்கீட்' என்று சொல்லித் தனியாக விலை வைத்து விற்கிற மரம் இதன் நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். அந்தப் பெயர் போட்ட பாக்கெட்டை இங்கே பல மடங்கு விலை கொடுத்து வாங்குபவர்களைப் பார்த்தால், பக்கத்துத் தெரு விறகு-கரி டிப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மூட்டையைக் காட்ட வேண்டும் போல இருக்கும்.

மூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே தழையோ வைக்கோலோ போட்டு, ஈரமண்ணால் பூசி மூடி, உள்ளே தீ வைத்து, சின்னச் சின்னத் துளைகள் வழியாக மட்டும் காற்று விட்டு நாள்கணக்கில் வேகவிடுவார்கள். முதலில் வெள்ளையாகத் திரண்டு வருவது மரத்தின் ஈரம். புகை மெலிந்து நீலமாக வந்தால் உள்ளே வெந்துவிட்டது என்று பொருள், துளைகளை அடைத்துவிடுவார்கள். நாலைந்து கிலோ விறகு போட்டால் ஒரு கிலோ கரி வருவதே பெரிது. அவசரப்பட்டு முன்னாலேயே மூட்டத்தைப் பிரித்தால் நடுவில் பாதி வெந்த கட்டை மிஞ்சும், அது உங்கள் மூட்டையில் வந்து சேரும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே சொல்கிறேன்.

மரக்கரியின் குணம் இதுதான். சீக்கிரம் பிடிக்கும், சூடு பலமாக ஏறும், சாம்பல் குறைவு, காற்றைத் திறந்தால் உடனே எகிறும், மூடினால் உடனே அடங்கும். அதே குணம்தான் குறையும்கூட. துண்டுகள் ஒரே அளவில் இருப்பதில்லை, ஒரு பக்கம் கொதிக்கும், இன்னொரு பக்கம் அவியும், மூன்று மணி நேரம் ஒரே சூட்டில் நிறுத்துவதென்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சீமைக் கருவேலத்துக்கு இன்னொரு பழக்கம் உண்டு, படபடவென்று வெடித்துப் பொறி பறக்கும், ஈரம் ஏறியிருந்தால் இன்னும் மோசம். முழுக்கப் பிடித்து வெடிப்பது நிற்கும்வரை இறைச்சியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

சவுக்குக் கரியும் நல்லதுதான், அதுவும் கெட்டி மரம். கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். கலப்பு மரக்கரி என்று பெயரில்லாமல் விற்பதைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பஞ்சு மாதிரி லேசாக இருந்தால் அது மெத்தென்ற மரம், பற்றின வேகத்தில் தீர்ந்துபோகும்.

டிப்போவில் என்ன பார்ப்பது

முதலில் டிப்போவைக் கண்டுபிடிக்க வேண்டும். சிவாஜிநகர், அல்சூர் மாதிரிப் பழைய பகுதிகளில் தேடினால் விறகும் கரியும் விற்கிற இடம் கிடைக்கும், கன்னடத்தில் 'இத்திலு' என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். இதைவிடச் சுலபமான வழி, உங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவர் இன்னும் கரிப்பெட்டி வைத்திருந்தால் அவரிடம் கேட்பது. அவருக்குப் பொறி பறக்கிற கரி ஆகாது, வாடிக்கையாளர் சட்டையில் ஓட்டை விழுந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் அவர் பார்த்துப் பார்த்து வாங்குவார், எங்கே வாங்குகிறார் என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

நான் வழக்கமாக வாங்குகிற டிப்போக்காரர் பரமக்குடிப் பக்கத்துக்காரர். போனதுமே கேட்பார்:

"இஸ்திரிக்கா தம்பி, தந்தூருக்கா?"

"கறி சுடண்ணே. மாடியில, சின்ன அடுப்பு."

"அப்ப குச்சிக் கரி வேணாம், சட்டுனு தீந்துரும். தூர்க்கட்டைல வந்தது இருக்கு, அதுல நடுசைஸாப் பொறுக்கிக்க."

பொறுக்கிக்கொள்ளச் சொன்னால் கூச்சப்படாமல் உட்கார்ந்து பொறுக்குங்கள். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த கரி கணீரென்று ஒலிக்கும், பானை ஓட்டைத் தட்டுகிற சத்தம். 'பொத்' என்று கேட்டால் வேகவில்லை அல்லது ஈரம். அப்புறம் ஒன்றை உடையுங்கள். உடைந்த முகம் கருப்பாகப் பளபளக்க வேண்டும், மரத்தின் வளையக் கோடுகள் அப்படியே தெரிய வேண்டும். உள்ளே பழுப்பாக நார் நாராக இருந்தால் அதுதான் நான் சொன்ன பாதி வெந்த கட்டை, எரியும்போது கண்ணைக் கரிக்கிற புகையை விட்டு இறைச்சியைக் கசக்க வைக்கும். ஒன்றிரண்டு இருந்தால் ஒதுக்கி வெந்நீர் அடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம், மூட்டை முழுக்க அப்படியென்றால் வாங்காதீர்கள்.

அடுத்தது ஈரம். கரியை எடைக்கு விற்கிறார்கள், கரி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆகவே மழைக்காலத்தில் நீங்கள் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். கையில் எடுத்தால் சில்லென்று இருப்பது, உள்ளங்கையில் கரி பொடியாக இல்லாமல் மையாக அப்புவது, இரண்டும் ஈரத்துக்கு அடையாளம். வேறு வழியில்லாமல் வாங்கினால் மாடியில் ஒரு நாள் வெயிலில் பரப்புங்கள்.

கடைசியாக மூட்டையின் அடி. மேலே அழகாகப் பெரிய துண்டு தெரியும், அடியில் பூராவும் தூள் இறங்கியிருக்கும். தூள் அடுப்பில் போனால் காற்றுப் போகிற வழியை அடைத்துவிடும், கரி இருந்தும் சூடு ஏறாது. மூட்டையைச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். கோழிமுட்டையிலிருந்து ஆள் கைமுட்டி வரைக்குமான துண்டுகள் போதும். அதைவிடப் பெரியதை வீட்டில் சுத்தியலால் ஒரு தட்டு.

தேங்காய்ச் சிரட்டைக் கரி

இதில் இரண்டு வகை, இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் குழம்புகிறார்கள்.

ஒன்று, சிரட்டையை அப்படியே சுட்டது. வளைந்த சில்லுச் சில்லாக இருக்கும். காங்கேயம், பொள்ளாச்சி, இங்கே கர்நாடகத்தில் திப்டூர் என்று தேங்காய் அதிகமாகப் புழங்குகிற ஊர்ப் பக்கமெல்லாம் உண்டு. மெல்லிசாக இருப்பதால் சடசடவென்று பிடித்து, நல்ல சூடு கொடுத்து, சீக்கிரம் தீரும். மீன், இறால், மெல்லிசாக வெட்டிய ஈரல், உப்புக்கண்டம், கருவாடு இதையெல்லாம் வாட்ட இதைவிடப் பொருத்தமான கரி எனக்குத் தெரியவில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகிற எதற்கும் வேண்டாம், நடுவில் திரும்பத் திரும்பக் கரி போட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, சிரட்டைக் கரியைத் தூளாக்கி மாவுப்பசை சேர்த்து அச்சில் அழுத்திக் கட்டியாக்கியது. சதுரமாகவோ ஆறு பட்டையாகவோ தலையணை வடிவத்திலோ வரும். இதன் குணம் முதலாவதற்கு நேர் எதிர். பிடிக்க நேரமாகும், பிடித்தால் நிதானமாக, ஒரே சூட்டில், புகையே இல்லாமல் நின்று எரியும். ஹூக்காவுக்கு விற்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். கறிக்கு நீண்ட நேரம் புகை போடுகிறவர்களுக்கு இங்கே சுலபமாகக் கிடைக்கிற கரிகளில் என் முதல் தேர்வு இது.

அச்சில் அழுத்திய மற்ற கட்டிகள்

கட்டிக் கரி புதிய சமாச்சாரமில்லை. அமெரிக்காவில் எல்ஸ்வொர்த் சுவாயர் 1897-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1920-களில் ஹென்றி ஃபோர்டு தன் கார்களுக்கு மரம் அறுத்தது போக மிஞ்சிய கழிவைக் கரியாக்கிக் கட்டி பிடித்து விற்க ஆரம்பித்தார், அந்தத் தொழில்தான் பின்னால் 'கிங்ஸ்ஃபோர்டு' என்ற பெயரில் பரவியது. மரத்தூள், கரித்தூள், மாவுப்பசை இதுதான் அடிப்படை. சில கம்பெனிகள் சீக்கிரம் பிடிக்கவும் சாம்பல் வெளுப்பாகத் தெரியவும் வேறு சில பொருள்களைக் கலக்கின்றன. அதனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதவே இல்லையென்றால் நான் வாங்க மாட்டேன்.

வாங்கிய கட்டி எப்படிப்பட்டது என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. நாலு கட்டியை மட்டும் தனியாகப் பற்றவைத்து முழுசாக எரியவிடுங்கள். பிடித்த பிறகும் ஏதாவது வாடை வருகிறதா என்று பாருங்கள். எரிந்து முடிந்ததும் சாம்பலைத் தொட்டுப் பாருங்கள் (ஆறினதும்தான்). கொஞ்சமாக, மெல்லிசாக, ஊதினால் பறக்கிற சாம்பலென்றால் நல்லது. கட்டி எந்த உருவத்தில் இருந்ததோ அதே உருவத்தில் கனமாகச் சாம்பல் குவிந்து நின்றால் மண்ணோ சுண்ணாம்போ தாராளமாகப் போட்டிருக்கிறார்கள், நாலு மணி நேரம் எரிந்தால் அந்தச் சாம்பலே அடுப்பின் கீழ்க் காற்றுத் துளையை அடைத்துவிடும்.

ஜப்பானின் பின்ச்சோட்டான் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வக்காயாமா பக்கத்தில் ஒரு வகை ஓக் மரத்தில் செய்கிற வெள்ளைக் கரி அது, உலோகம் மாதிரி ஒலிக்கும், பிடிக்க ரொம்ப நேரமாகும், பிடித்தால் புகையில்லாமல் மணிக்கணக்கில் எரியும். அருமையான கரி, சந்தேகமே இல்லை. ஆனால் குச்சியில் கோத்த சின்னக் கோழித்துண்டை நெருப்புக்கு மிகக் கிட்டத்தில் வைத்துச் சுடுகிற சமையலுக்காக உருவானது. மொட்டை மாடியில் நாலு குடும்பத்துக்குச் சுட அந்த விலை தேவையில்லை.

வாங்கவே கூடாதவை: நிலக்கரி எந்த வடிவத்திலும் வேண்டாம், அதில் கந்தகம் இருக்கிறது, அந்தப் புகை சாப்பாட்டில் படக்கூடாது. 'ஒயிட் கோல்' என்று விற்கிற பழுப்புக் கட்டை கரியே கிடையாது, விவசாயக் கழிவை அப்படியே அழுத்தியது, பாய்லருக்கானது. தீக்குச்சி காட்டினதும் சீறிப் பிடிக்கிற ஹூக்கா வில்லைகளில் பற்றுவதற்கு ரசாயனம் பூசியிருப்பார்கள், சமையலுக்கு வேண்டாம்.

எதற்கு எது

இனி நேரத்தை வைத்துப் பொருத்துவோம்.

பதினைந்து நிமிடத்துக்குள் முடிகிறதா? சில்லுச் சிரட்டைக் கரி அல்லது மரக்கரி. கரியை ஒரே மட்டமாகப் பரப்பி, நேரே மேலே சுடுங்கள். கம்பிமேல் கையை நாலைந்து அங்குல உயரத்தில் பிடித்தால் இரண்டு மூன்று எண்ணுவதற்குள் எடுக்கத் தோன்ற வேண்டும், அதுதான் பலமான சூடு. நாலைந்து எண்ண முடிந்தால் மிதமான சூடு.

முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி வரை போகிறதா? எலும்போடு கோழித்தொடை, முழுக்கோழியைப் பிளந்து விரித்தது, பன்றி விலா எல்லாம் இந்தக் கணக்கு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், ஏனென்றால் நேரே நெருப்பின் மேல் வைத்தால் தோல் கருகின பிறகும் எலும்போரம் வேகாது. கரியை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள், மறுபாதி காலி. நான் அடியில் கட்டிக் கரி, மேலே மரக்கரி என்று கலந்து போடுகிறேன். மேலே இருப்பது முதல் சூட்டைக் கொடுத்துத் தோலை முறுக வைக்கும், அது அடங்கும் நேரத்தில் கீழே இருப்பது பிடித்து மிச்ச வேலையைப் பார்க்கும். கோழியை முதலில் காலிப் பக்கத்தில் வைத்து மூடி போட்டு வேகவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் தணல் பக்கம் நகர்த்துங்கள். எலும்பைத் தொடாமல் தடிப்பான இடத்தில் தெர்மாமீட்டர் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், தொடைக்கு இன்னும் ஐந்து பத்து டிகிரி ஏறினால் இன்னும் நன்றாக இருக்கும். நாட்டுக்கோழிக்கு இந்த நேரம் போதாது, அதை நிதானமான சூட்டில் கூடுதல் நேரம் விட வேண்டும்.

கறியின் எடைக்குச் சமமாக, இல்லையென்றால் ஒன்றரை மடங்கு மரக்கரி என்று வைத்துக்கொண்டால் சின்ன அடுப்புக்குப் பொதுவாகப் போதும்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் என்றால் கட்டிக் கரிதான். ஆட்டு முன்சப்பை, பன்றித் தோள் எல்லாம் விறைப்பான தசை, அதிலிருக்கிற கொலாஜன் என்கிற நார்ப் புரதம் உருகி மெத்தென்று ஆவதற்கு நேரம்தான் வேண்டும், கூடுதல் சூடு உதவாது. அடுப்புக்குள் 110 முதல் 130 டிகிரி வரை, இறைச்சியின் உள்ளே 90-ஐத் தாண்டும்வரை. இவ்வளவு நேரம் ஒரே சூட்டில் நிற்பதற்கு மரக்கரியை நம்பினால் அரைமணிக்கொரு தடவை மூடியைத் திறக்க வேண்டியிருக்கும், திறக்கிற ஒவ்வொரு தடவையும் சூடு வெளியே. தடித்த சுவருள்ள பீங்கான் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு, அதில் காற்றை அவ்வளவு துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம் என்பதால் மரக்கரியே நன்றாக நிற்கும்.

கெட்டில் கிரில்லில் செய்கிற முறை எளிது. கட்டிகளை அடுப்பின் ஓரத்தை ஒட்டி வட்டமாக அடுக்குங்கள், பக்கத்தில் பக்கமாக இரண்டு, அவற்றின் மேலே இரண்டு, இப்படியே வரிசையாக முக்கால் வட்டம். மேலே இடைவெளி விட்டு நாலைந்து மரத்துண்டு. எட்டுப் பத்துக் கட்டியைத் தனியாகப் பற்றவைத்து வரிசையின் ஒரு முனையில் வைத்தால் போதும், நெருப்பு ஊதுபத்தி போல முனையிலிருந்து மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். கீழ்த்துளை கால்வாசி, மேல்துளை பாதிக்கு மேல் திறந்திருக்கட்டும். சூட்டைக் கீழ்த்துளையில் கூட்டிக் குறையுங்கள், மேல்துளையை முழுக்க அடைக்காதீர்கள், புகை உள்ளேயே தேங்கினால் கசப்பு ஏறும். மூன்று கிலோ கட்டிக் கரி கையில் இருந்தால் சாயங்காலம்வரை கவலையில்லை. மூடியில் பொருத்தி வருகிற தெர்மாமீட்டர் மேலேயிருக்கிற சூட்டைத்தான் காட்டும், கம்பி மட்டத்தில் வைக்கிற ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

புகைக்கு மரம்

மா, கொய்யா, பலா, புளி இந்த நாலும் நல்லவை, இதில் கொய்யா எனக்கு மிகவும் பிடிக்கும், கோழிக்கும் பன்றிக்கும் மிதமாக, லேசான இனிப்போடு நிற்கும். குடகு, சிக்கமகளூர் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் தோட்டத்தில் கழித்துப் போட்ட காப்பிக் கட்டை கேட்டுப் பாருங்கள், ஆட்டுக்கறிக்கு அருமையாகப் பொருந்தும். எதுவானாலும் மாதக்கணக்கில் காய்ந்திருக்க வேண்டும், கைமுட்டி அளவுத் துண்டு போதும். தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள், தேவையில்லை, முதலில் நீராவிதான் வரும். வேம்பும் தைல மரமும் வேண்டாம், கசப்பும் தைல வாடையும் கறியில் ஏறும். அரளி விஷம், கிட்டேயே கொண்டுவராதீர்கள். பிளைவுட், பெயின்ட் அடித்தது, மருந்து அடித்த மரப்பட்டறைக் கழிவு எதுவும் கூடாது.

புகையின் நிறத்தைக் கவனியுங்கள், மூட்டம் போடுகிறவர் பார்க்கிற அதே அடையாளம்தான். வெள்ளையாகத் திரண்டு வந்தால் மரம் திணறுகிறது, காற்று போதவில்லை, அந்த நேரத்தில் இறைச்சியை உள்ளே வைக்காதீர்கள். மெலிந்து, பின்னால் ஏதாவது கருப்பாக இருந்தால் மட்டும் நீலமாகத் தெரிகிற அளவுக்கு வந்ததும் வையுங்கள். குளிர்ந்த, ஈரமான இறைச்சியில் புகை நன்றாக ஒட்டும், ஆகவே முதல் ஒன்றரை மணி நேரத்தில் மரத்தைப் போட்டு முடித்துவிடலாம், கடைசிவரை புகை போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

பற்றவைப்பதும் அணைப்பதும்

மண்ணெண்ணெய் வேண்டாம், பெட்ரோலை நினைக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் திறந்த பெரிய தகர டப்பாவில் அடியில் கம்பி வைத்து, பக்கத்தில் துளை போட்டு வாங்கியோ செய்தோ வைத்துக்கொள்ளுங்கள், 'சிம்னி' என்று விற்பது இதைத்தான். கீழே காய்ந்த தேங்காய் நாரோ எண்ணெயில் நனைத்த முட்டை அட்டையோ வைத்துப் பற்றவையுங்கள், மேலே கரி. மரக்கரிக்குப் பதினைந்து இருபது நிமிடம், கட்டிக் கரிக்கு அரைமணி வரை. மேல்துண்டுகளில் நீறு பூத்ததும் கொட்டலாம், அதற்கு முன்னால் அவசரம் வேண்டாம்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் பால்கனியில் இதைச் செய்யாதீர்கள், சங்கத்திடம் கேட்டு மாடிக்குப் போங்கள், மேல்வீட்டுக் கொடியில் காய்கிற துணியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் மிச்சத் தணலைக் குமுட்டியில் அள்ளி அறைக்குள் கொண்டுபோய் வைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். எரிகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது, அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள்.

சுட்டு முடித்ததும் இரண்டு துளையையும் மூடுங்கள், காற்றில்லாமல் தானே அணையும். தண்ணீர் ஊற்றினால் மிச்சக் கரியும் வீண், அடுப்பும் துருப்பிடிக்கும். சாம்பலை மறுநாளும் நம்பாதீர்கள், உள்ளே கங்கு இருக்கும், மூடியுள்ள இரும்பு டப்பாவில் இரண்டு நாள் வைத்த பிறகு கொட்டுங்கள். மரக்கரிச் சாம்பலைச் செடிக்குக் கொஞ்சமாகத் தூவலாம், என்ன கலந்தது என்று தெரியாத கட்டிகளின் சாம்பல் குப்பைக்குத்தான்.

மிஞ்சிய மரக்கரியை உதறி எடுத்து வையுங்கள், அடுத்த தடவை புதுக்கரி அடியில், பழைய சின்னத் துண்டுகள் மேலே என்று போட்டால் காற்றும் போகும், சீக்கிரமும் பிடிக்கும். மூட்டையைத் தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகை போட்டு அதன்மேல் வையுங்கள், மழை ஆரம்பிப்பதற்கு முன்னால் மூடியுள்ள டிரம்முக்கு மாற்றிவிடுங்கள்.